குட்டி வரும்வரை

நவம்பர் முதல் ஞாயிறு அம்மாவின் காருக்குப் பனியில் வழுக்காத குளிர்கால டயர் மாட்டினோம். நான் ஜாக்கியை ஏற்றினேன். அம்மா நட்டுகளைக் கழற்றித் தன் கம்பளித் தொப்பிக்குள் போட்டுக்கொண்டாள். தொப்பியில்லாத தலையில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. நட்டின் இறுக்கத்தை அளக்கும் ஸ்பானரை நான் வேலையிடத்திலிருந்து எடுத்து வந்திருந்தேன். சரியான இறுக்கம் வந்ததும் அது 'டக்' என்று சத்தம் போடும். ஒவ்வொரு 'டக்'குக்குப் பிறகும் அம்மா தன் பழைய ஸ்பானரை வைத்து இன்னொரு முறை திருகிப் பார்த்தாள்.

"அது சரியாத்தான் இருக்கும்மா. அதுக்குத்தானே அந்தச் சத்தம்."

"சத்தம் உனக்கு. எனக்கு என் கை சொல்லணும்."

ஒரு நட்டும் நகரவில்லை. அம்மாவுக்குத் திருப்தி. பழைய டயர்களைக் கொட்டகையில் அடுக்கிவிட்டுக் காபி குடித்தோம். மலைக்கு அந்தப் பக்கம் நீர்மின் நிலையத்தில் எனக்கு வேலை. டர்பைன்களின் அதிர்வை அளப்பவன் நான். மறுநாள் காலைப் பணி என்பதால் இருட்டும் முன்பே கிளம்பிவிட்டேன்.

அடுத்த வாரம் அம்மா இறந்துபோனாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார் மருத்துவர். அம்மாவின் தோழி மோல்ஃப்ரி காலையில் வந்து கதவைத் திறந்தபோது அம்மா சமையலறைத் தரையில் கிடந்திருக்கிறாள். அறுபத்தெட்டு வயது.

இறுதிச்சடங்கில் பாதிரியார் அம்மாவைப் பற்றிப் பேசினார். உழைப்பாளி, நேர்மையானவர், அண்டை அயலாருக்கு உதவியவர். எல்லாம் உண்மைதான். ஆனால் மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே நீளும் இந்த ஃபியோர்டின் இரு கரையிலும் எந்தக் கிழவி இறந்தாலும் அதையே சொல்லலாம். அம்மா எப்படி இருந்தாள் என்று என்னைக் கேட்டால், போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமையைச் சொல்வேன். அன்று அம்மாவும் மோல்ஃப்ரியும் மான் வேட்டைக்குப் போனார்கள். நானும் கூடப் போனேன். எனக்குத் துப்பாக்கி உரிமம் கிடையாது. மானை இழுத்து வர ஆள் வேண்டும் என்று அழைத்திருந்தார்கள்.

அம்மாவின் பெயர் தூர்டிஸ். ஊராட்சியின் பனி தள்ளும் லாரியை ஓட்டினாள், ஓய்வு பெறும்வரை. குளிர்காலத்தில் அம்மா பனியைத் தள்ளிவிட்டுப் போன பிறகுதான் ஊரில் மற்றவர்கள் வெளியே போக முடியும். அதனால் அம்மாவை எல்லோருக்கும் தெரியும். முக்கால்வாசிப் பேர் அவள் முகத்தைப் பார்த்ததில்லை, லாரியின் விளக்கைத்தான் பார்த்திருந்தார்கள்.

மோல்ஃப்ரியோடு நட்பு உண்டானதும் அந்த லாரியால்தான். அவள் வீட்டுத் தபால் பெட்டி வளைவில் இருந்தது. லாரி தள்ளும் பனி முழுவதும் அதன் மேல்தான் போய் விழும். ஒருநாள் காலை மோல்ஃப்ரி இரவு உடையோடு, ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, மண்வெட்டியை ஓங்கியபடி நடுச்சாலையில் நின்றாளாம். அம்மா லாரியை நிறுத்தி இறங்கினாள். அரை மணி நேரம் சண்டை. பின்னால் பால் வண்டியும் பள்ளிப் பேருந்தும் காத்துக்கொண்டிருந்தன. பிறகு அம்மாவே மண்வெட்டியை வாங்கிப் பெட்டியைத் தோண்டி எடுத்துக் கொடுத்தாள். மோல்ஃப்ரி உள்ளே கூப்பிட்டு வாஃபிள் சுட்டுப் போட்டாள். மறுவாரம் பெட்டி மறுபடி புதைந்தது. மறுபடி வாஃபிள். அம்மா வேண்டுமென்றே புதைத்தாள் என்று மோல்ஃப்ரி இன்றுவரை நம்புகிறாள்.

அப்பா இறந்ததும் பண்ணையோடு வேட்டைக் குழுவில் ஓர் இடமும் அம்மாவுக்கு வந்தது. எட்டு வீடுகள் சேர்ந்த குழு அது. அம்மா தன் பங்கை யாருக்காவது குத்தகைக்கு விடுவாள் என்று மற்றவர்கள் எதிர்பார்த்தார்கள். அம்மா சுடும் தேர்வில் தேறி, வேட்டைப் பருவம் தொடங்கும் செப்டம்பர் முதல் நாள் காலை அப்பாவின் துப்பாக்கியோடு போய் நின்றாள். அடுத்த வருடம் மோல்ஃப்ரியும் வந்துவிட்டாள். "நீ மட்டும் மான்கறி திம்பே, நான் உருளைக்கிழங்கைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா?" என்பது அவள் நியாயம்.

ஒவ்வொரு ஆண்டும் எங்கள் காட்டுப்பகுதிக்கு இத்தனை பெண்மான், இத்தனை குட்டி, ஒரே ஒரு பெரிய கொம்புமான் என்று ஊராட்சி அனுமதிச் சீட்டு தரும். அந்தக் கொம்புமான் சீட்டு வீட்டுக்கு வீடு முறை போட்டுச் சுற்றும். அந்த ஆண்டு மோல்ஃப்ரி வீட்டின் முறை. போன சுற்றில் அவள் கணவர் காய்ச்சலில் படுத்து முறையைக் கோட்டைவிட்டார். இப்போது அவரும் இல்லை. மோல்ஃப்ரி தன் வாழ்நாளில் ஒரு கொம்புமானையும் சுட்டதில்லை. கோடையிலேயே சோபாவுக்கு மேலே சுவரில் கொம்பை மாட்ட ஆணி அடித்துவிட்டாள். அங்கே இருந்த மாமியார் படம் மாடிக்குப் போய்விட்டது.

"கொம்பு வரலைன்னா என்ன பண்ணுவே?" என்று அம்மா கேட்டாள்.

"வெறும் ஆணியைப் பார்த்துக்கிட்டு இருப்பேன். மாமியாரைவிட ஆணி எவ்வளவோ மேல்."

அந்தச் சனிக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு பெண்மான் சீட்டு பாக்கி இருந்தது. குட்டிச் சீட்டுகள் எல்லோருக்கும் தீர்ந்துவிட்டன. குழுவிலேயே மிச்சம் அதுவும் மோல்ஃப்ரியின் கொம்புமான் சீட்டும்தான்.

விடியும் முன் வடக்கு வயலுக்குப் போனோம். நானும் அம்மாவும் வைக்கோல் கொட்டகையின் பலகைச் சந்துக்குப் பின்னால். மோல்ஃப்ரி மேலே கல்வேலி ஓரம். மேலே காட்டில் ஓர் ஆண்மான் உறுமிக்கொண்டிருந்தது. இணைசேரும் காலம் முடியப் போகிற சமயம், குரல் கரகரத்திருந்தது. இரு பெண்களிடமும் கையடக்க ரேடியோ, காதில் ஒரு குமிழ். அம்மாவின் காதுக் குமிழிலிருந்து மோல்ஃப்ரியின் குரல் எனக்கே கேட்டது.

"தூர்டிஸ், ஃப்ளாஸ்க் உன்கிட்டயா என்கிட்டயா?"

"உன்கிட்ட."

"தூர்டிஸ், என் இடது கால் மரத்துப்போச்சுடி."

"வலது கால் இருக்குல்ல."

"அந்த உறுமலைக் கேட்டியா? என்னைத்தான் கூப்பிடுது. செத்துப்போன எங்க வீட்டுக்காரர்கூட இப்படிக் கூப்பிட்டதில்ல."

அம்மா ரேடியோவை மூடினாள். "இவ பேசறது மானுக்கே கேக்கும்" என்று என்னிடம் முணுமுணுத்தாள்.

வெளிச்சம் வந்ததும் ஒரு பெண்மான் தனியாகப் பெரணிப் புதரிலிருந்து வயலில் இறங்கியது. மெல்லிய கழுத்து, குட்டை முகம். போன வருடத்துக் குட்டி, இன்னும் ஈனாதது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அம்மா பைனாகுலரை எடுத்தாள். சுடவில்லை. பின்னால் குட்டி வருகிறதா என்று புதரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மான் புல் மேய்ந்தது. இரண்டு முறை தலை நிமிர்த்திப் பின்னால் பார்த்தது, மறுபடி மேய்ந்தது. புதரிலிருந்து எதுவும் வரவில்லை. அம்மா துப்பாக்கியைப் பலகையில் சாய்த்தாள். ஒரே குண்டு. மான் பிர்ச் மரங்களின் ஓரம்வரை ஓடி மடிந்தது.

அம்மா எப்போதும் போல உட்கார்ந்தே இருந்தாள். சுட்ட உடனே ஓடக் கூடாது. சாக நேரம் கொடுக்க வேண்டும். பிறகு போனோம். நல்ல குண்டு, நெஞ்சில் பட்டிருந்தது. அம்மா சட்டைக் கையை மடித்துவிட்டு வயிற்றைத் திறந்தாள். பின்னங்கால்களுக்கு நடுவே வந்ததும் கை நின்றது. கத்தியைப் புல்லில் வைத்தாள். மடியைப் பிடித்து அழுத்தினாள்.

வெள்ளையாக ஒரு சொட்டு வந்து அவள் விரலில் நின்றது.

அம்மா விரலைப் புல்லில் துடைக்கவில்லை. அதற்குள் மோல்ஃப்ரி மேலேயிருந்து சறுக்கிக்கொண்டும் திட்டிக்கொண்டும் வந்து சேர்ந்தாள்.

"எத்தனை தடவைடி கத்தறது? பின்னால குட்டி இருக்கு, சுடாதே, குட்டி இருக்குன்னு! காதுல என்ன, வெண்ணெயா?"

"மூடிட்டேன்."

"என்னத்தை?"

"ரேடியோவை."

மோல்ஃப்ரி தன் காதுக் குமிழைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

குட்டியிருக்கும் பெண்மானைச் சுடுவது என்றால் முதலில் குட்டி, பிறகுதான் தாய். எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம் அது. தாயில்லாத குட்டியை மற்ற மான்கள் பக்கத்தில் விடாது. மேய்ச்சலிலிருந்து முட்டி விரட்டும். பெரும்பாலும் ஜனவரியில் சாகும். அம்மாவுக்கு இது லாரியில் உட்கார்ந்து கண்ணால் கண்ட விஷயம். பனி ஆழமானதும் அந்த மாதிரிக் குட்டிகள் வாரிவிட்ட சாலைக்கு வந்துவிடும். அவற்றால் நடக்க முடிகிற இடம் அது ஒன்றுதான். ஒரு பிப்ரவரியில் ஒரு குட்டி லாரி முன்னால் நின்றுவிட்டதாம். ஹாரன் அடித்தும் நகரவில்லை. அம்மா இறங்கிப் போய்த் தள்ளியபோது தோலுக்குள் எலும்பு மட்டும் இருந்ததாகச் சொல்லியிருக்கிறாள். அன்று மட்டும் ஊர்ச் சாலை தாமதமாகத் திறந்தது. ஏன் என்று அவள் யாருக்கும் சொல்லவில்லை.

"பெரிய குட்டிதான்டி" என்றாள் மோல்ஃப்ரி. "பொழைச்சுக்கும்."

"நீ பார்த்தியா?"

"பாதி பார்த்தேன்."

"அந்தப் பாதி எப்படி இருந்துச்சு?"

மோல்ஃப்ரி மூக்கை உறிஞ்சினாள். "சின்னதா."

அம்மா ஊராட்சிக்குப் போன் செய்தாள். சனிக்கிழமை, யாரும் எடுக்கவில்லை. தனிச் சீட்டு கேட்பதென்றால் திங்கள்வரை பொறுக்க வேண்டும். ஆனால் குட்டி இன்றைக்குத்தான் தாய் விழுந்த இடத்துக்குத் திரும்பி வரும். இரண்டு நாள் கழித்து அது எந்த மலையில் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அம்மா போனைப் பைக்குள் போட்டாள். குடலை எடுத்து முடித்தாள். நெஞ்சுக்கூடு ஆறட்டும் என்று ஒரு குச்சியை வைத்து விரித்துவிட்டாள். மோல்ஃப்ரியின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. குட்டியை எந்தச் சீட்டிலும் சுடலாம். கொம்புமான் சீட்டும் செல்லும். அது மூன்று பேருக்கும் தெரியும். அம்மா அதைக் கேட்க மாட்டாள் என்பதும் தெரியும்.

மோல்ஃப்ரி சற்றுத் தள்ளிப் போய் நின்றாள். முதுகைத்தான் பார்க்க முடிந்தது. மேலே அந்த ஆண்மான் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. பைக்குள் கைவிட்டு ஒரு சாக்லேட்டைப் பிரித்து முழுவதும் தின்றாள். காகிதத்தை மடித்துப் பையில் வைத்தாள். திரும்பி வந்தாள்.

"என்கிட்ட ஒரு சீட்டு இருக்கே."

"அது கொம்புக்கு."

"குட்டிக்கும் செல்லும். என்னவோ சட்டம் தெரியாதவ மாதிரி."

"அடுத்த முறை வர்றப்போ உனக்கு எழுபத்தஞ்சு ஆகும்டி."

"அதனால என்ன? தடி ஊன்றிக்கிட்டுச் சுடுவேன். தடியிலயே துப்பாக்கியைச் சாய்ச்சு வெச்சுக்கலாம், இன்னும் வசதி."

"மோல்ஃப்ரி. வேணாம்."

"நீ கேக்கல, நான் குடுக்கறேன். வாயை மூடிக்கிட்டு எங்க உக்காரணும்னு சொல்லு. காத்து இங்கேருந்து நேரா அதுகிட்டப் போகுது."

அம்மா புல்லைக் கிள்ளி மேலே விட்டுப் பார்த்தாள். காலையில் குளிர்ந்த காற்று மலையிலிருந்து ஃபியோர்டுக்கு இறங்கும். பகலில் திசை மாறி மேலே ஏறும். அதற்கேற்றபடி வயலின் மேல்மூலையில் ஒரு பாறைக்குப் பின்னால் இடம் பார்த்தாள். செத்த மான் விழுந்த இடத்திலேயே கிடந்தது. அதன் மணம் பிடித்துத்தான் குட்டி வரும்.

மழை பிடித்துக்கொண்டது. உட்கார்ந்திருந்தோம். மூன்று பேருக்கு ஒரு தார்ப்பாய். மோல்ஃப்ரியின் ஃப்ளாஸ்க்கில் காபி, அம்மாவின் டப்பாவில் லெஃப்ஸ ரொட்டியும் பழுப்புப் பாலாடைக்கட்டியும். இரண்டு பேரும் கிசுகிசுத்துக்கொண்டே இருந்தார்கள். இந்த முறை அம்மா மூடுவதற்கு ரேடியோ இல்லை.

"நான் பேசிப் பேசித்தானே நீ அதை மூடினே."

"சுட்டது நான்."

"நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா—"

"நீ வாயை மூடிக்கிட்டு இருந்தா ஊர்ல எல்லாரும் டாக்டரைக் கூப்பிட்டிருப்பாங்க. சுட்டது நான், மோல்ஃப்ரி. அது ரெண்டு தடவை பின்னால திரும்பிப் பார்த்துச்சு. எதுக்குப் பார்க்குதுன்னு நான் யோசிச்சிருக்கணும்."

நானும் அதைப் பார்த்திருந்தேன். எனக்கு அது ஒரு மான் தலையைத் திருப்பியது, அவ்வளவுதான். அம்மா ஒருபோதும் காரணத்தை வேறு இடத்தில் தேடியதில்லை. லாரி ஓட்டிய காலத்தில் ஒருமுறை பள்ளிச் சுவரில் இடித்துவிட்டாள். சறுக்கும் பனி, மோசமான பிரேக், மங்கிய தெருவிளக்கு என்று ஊராட்சிக்காரரே அவளுக்கு மூன்று காரணம் எடுத்துக் கொடுத்தார். "வேகமா வந்தேன்" என்றுதான் அம்மா சொன்னாள்.

மதியத்துக்குப் பிறகு மழை விட்டது. காட்டு ஓரத்தில் ஏதோ அசைந்தது. அம்மா என் முழங்காலைத் தொட்டாள்.

குட்டி இல்லை. அது அந்த ஆண்மான். காலையிலிருந்து உறுமிக்கொண்டிருந்தது அதுதான். பிடரி மயிர் சேறு அப்பிக் கறுத்திருந்தது. கொம்பு இரு பக்கமும் கிளைத்துக் கிளைத்து மேலே போயிற்று. அவ்வளவு பெரியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பகல் வெளிச்சத்தில், காற்று எங்களுக்குச் சாதகமாக, பக்கவாட்டில் திரும்பி, அசையாமல் நின்றது. சீட்டு இன்னும் மோல்ஃப்ரியின் பையில்தான் இருந்தது.

"சுடு" என்றாள் அம்மா.

மோல்ஃப்ரி ஆண்மானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுடுடி. உன்னோடது அது. குட்டியை நான் பார்த்துக்கறேன். திங்கக்கிழமை சீட்டு வாங்கிட்டு நான் தேடறேன். தினம் வர்றேன். சுடு."

அம்மா ஒப்புக்குச் சொல்கிறவள் இல்லை. திங்கட்கிழமை முதல் பனி விழும்வரை அந்த மலையில் அவள் அலைந்திருப்பாள். மோல்ஃப்ரி துப்பாக்கியைப் பாறையில் வைத்தாள். அதன் கட்டையில் கன்னத்தைப் பதித்தாள். துப்பாக்கியின் தொலைநோக்கியில் நெடுநேரம் பார்த்தாள். அவள் மூச்சு சீராக இருந்தது. விசையின் பாதுகாப்புப் பூட்டை விடுவித்த சத்தம் கேட்டது. சற்றுக் கழித்து, பூட்டை மறுபடி போட்ட சத்தமும் கேட்டது.

"ஒரு கிளை குறுக்கே நிக்குது" என்றாள்.

கிளை எதுவும் இல்லை. ஆண்மான் நிதானமாக வயலைக் கடந்து, வேலியைத் தாண்டி, அடுத்த குழுவின் நிலத்துக்குள் போய் மறைந்தது. அம்மா மோல்ஃப்ரியின் தொப்பியை இழுத்து அவள் காதை மூடிவிட்டாள். மோல்ஃப்ரி கையைத் தட்டிவிட்டாள்.

வெளிச்சம் குறையத் தொடங்கும் நேரத்தில் குட்டி வந்தது. முதலில் குரல். மெலிதாக, கீல் துருவேறிய கதவு போல. பிறகு பிர்ச் மரங்களுக்கு நடுவே தலை. மோல்ஃப்ரி சொன்னது சரி; சின்னதுதான், தாமதமாகப் பிறந்தது. தாயின் முகத்தருகே வந்து நின்று முகர்ந்தது. முன்காலால் ஒருமுறை தட்டியது.

"உன் சீட்டு, உன் குண்டு" என்றாள் அம்மா.

"ஆரம்பிச்சது நீ. நீயே முடி."

அம்மா துப்பாக்கியை எடுத்தாள். நாள் முழுக்க ஈரத்தில் உட்கார்ந்திருந்த கைகள். அவற்றை அக்குளில் வைத்துச் சூடாக்கிக்கொண்டுதான் விரலை விசைக்குக் கொண்டுபோனாள். குட்டி தலையைத் தூக்கும்வரை காத்திருந்தாள். சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வரும் முன்பே அது விழுந்துவிட்டது. காலைக்கூட உதறவில்லை.

இறங்கிப் போனோம். அம்மா குட்டியின் கழுத்தில் கையை வைத்தபடி சிறிது நேரம் குந்தியிருந்தாள்.

"அழறியா?" என்றாள் மோல்ஃப்ரி.

"மழை."

"மழை விட்டு எத்தனையோ நேரம் ஆச்சு."

"அப்போ கேக்காதே."

இரண்டையும் நான் ஒவ்வொன்றாக இழுத்துக் கொட்டகைக்குக் கொண்டுவந்தேன். தொங்கவிட்டுக் கழுவிக்கொண்டிருக்கும்போது குழுத்தலைவர் ஆர்ன்ஸ்டைன் டிராக்டரில் வந்தார். எந்தச் சீட்டில் எது விழுந்தது என்று அவரிடம் அன்றே சொல்லிவிட வேண்டும். கொக்கியில் தொங்கிய குட்டியைப் பார்த்தார்.

"குட்டிச் சீட்டு தீர்ந்துபோச்சே?"

அம்மா வாயைத் திறந்தாள். மோல்ஃப்ரி அவள் பூட்ஸை மிதித்ததை நான் பார்த்தேன்.

"என் சீட்டுல அடிச்சோம்" என்றாள் மோல்ஃப்ரி. "பெரிய கொம்பனோட கறி செருப்புத்தோல் மாதிரி இருக்கும் ஆர்ன்ஸ்டைன். என் பல்லைப் பாருங்க, முக்கால்வாசி கடையில வாங்கினது. கிறிஸ்துமஸுக்கு மெத்துனு ஏதாவது இருக்கட்டும்னு தோணிச்சு."

"கொம்புமான் சீட்டையா? குட்டிக்கா?" ஆர்ன்ஸ்டைன் சிரித்துச் சிரித்து டிராக்டர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். "எட்டு வீட்டுக்கும் சொல்லியாகணும் இதை. அப்புறம் உங்க வீட்டு முறை முடிஞ்சதுதான், தெரியும்ல?"

"தெரியும், தெரியும். போய்ச் சொல்லுங்க. இந்த வருஷம் வேற சிரிப்பே இல்ல ஊர்ல."

டிராக்டர் சத்தம் ஓய்ந்ததும் அம்மா வாளித் தண்ணீரைத் தரையில் வீசினாள்.

"என் தப்பை நீ எதுக்குடி தூக்கிச் சுமக்கறே? மெத்துனு கறியாம்! ஊரே உன்னைப் பார்த்துச் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். முப்பது வருஷமா சிரிக்கறாங்க. உன்னைப் பார்த்து ஒருத்தரும் சிரிச்சதில்ல. இப்ப எதுக்கு ஆரம்பிக்கணும்?"

"நான் இப்பவே அவருக்குப் போன் பண்றேன்."

"பண்ணு. என்னைப் பொய்க்காரின்னு ஆக்கிட்டு, நீ நல்லவ ஆயிடு."

அம்மா போனைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு குரல் தணிந்து சொன்னாள்:

"சரி. போன்ல இல்ல. குழுவோட வசந்தகாலக் கூட்டத்துல எழுந்து நின்னு சொல்றேன், எட்டு வீட்டு முன்னாலயும். பாலோட இருந்த மானை நான் சுட்டேன், அதைச் சரிபண்ண அவ தன் முறையைக் குடுத்தா, அது செலவான முறையா எண்ணக் கூடாது, எங்க வீட்டு முறை வர்றப்போ அது அவளுக்குப் போகட்டும்னு. நீயும் அங்க உக்காந்து கேளு. என் காலை மிதிக்காம."

"உங்க வீட்டு முறையா! அது இன்னும் ரெண்டே வருஷத்துல வருதேடி."

"அதனாலதான் சொல்றேன்."

மோல்ஃப்ரி கத்தியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்துத் துடைத்து அது எப்போதோ சுத்தமாகியிருந்தது.

அம்மா இறந்த பிறகு பண்ணை என் பெயருக்கு மாறியது. வேட்டைக் குழுவின் இடமும் அதோடு வந்தது. கிறிஸ்துமஸ் முடிந்து மோல்ஃப்ரியைப் பார்க்கப் போனேன். சோபாவுக்கு மேலே ஆணி அப்படியே இருந்தது. வாஃபிள் வைத்தாள். கூட்டத்தைப் பற்றி நான்தான் பேச்செடுத்தேன்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம் ஐவின்" என்றாள். "போனவளைத் தப்புக்காரின்னு எட்டு வீட்டு முன்னால நிறுத்தணுமா? ஊருக்கே அவ மேல மதிப்பு. அப்படியே இருக்கட்டும்."

"அம்மாவே எழுந்து நின்னு சொல்றேன்னு சொன்னாங்க, மோல்ஃப்ரி."

"சொன்னா. ஆனா சொல்றதுக்குள்ள போயிட்டா. அதோட விடு."

"இன்னொரு வாஃபிள் கிடைக்குமா?" என்று கேட்டேன். அவள் எழுந்து அடுப்புப் பக்கம் போய் எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். மாவு ஏற்கெனவே தீர்ந்திருந்தது. புதிதாகக் கரைக்கத் தொடங்கினாள்.

நேற்று ஆர்ன்ஸ்டைன் போன் செய்தார். வியாழக்கிழமை ஊர்ப் பொதுவீட்டில் கூட்டம். இனிமேல் அம்மாவின் நாற்காலி என்னுடையது, வந்துவிட வேண்டும் என்றார். கடைசியாகக் கொம்புமான் முறையை வாசிப்பார்களாம். மோல்ஃப்ரி வீடு முடிந்தது, அடுத்து மேல்பண்ணை, அதற்கடுத்து எங்கள் வீடு. சொல்லிவிட்டுத் தயங்கினார். அம்மா இல்லாத கூட்டம் எப்படி இருக்குமோ என்றார். பிறகு, "உனக்கு ஏதாவது பேசணும்னா இப்பவே சொல்லிடு, நேரம் ஒதுக்கணும்" என்றார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல" என்றேன். "அம்மா பேச வேண்டியது ஒண்ணு இருக்கு."